நாள் முழுக்க வானொலிப் பேச்சைக் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது?

"பாட்டு கேட்கவே ஆயிரம் வழி இருக்கும்போது, ஆகாசவாணியின் பேச்சு நிகழ்ச்சிகளை நாள் முழுக்க உட்கார்ந்து யார் கேட்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் கேட்டோம். நான் இன்றும் கேட்கிறேன். நமக்கென்று சொல்லப்படாத விஷயமெல்லாம் நம் காதில் விழும் என்பதுதான் காரணம்.

செட்டிநாட்டுப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் வெள்ளாமை, இல்லாவிட்டால் கருவை மண்டிக் கிடக்கும். ஆனால் அந்நாளில் எங்களுக்குத் தெளிவாக எடுத்தது திருச்சி நிலையம், 936 கிலோஹெர்ட்ஸ். 1939 மே 16 அன்று தொடங்கிய நிலையம் அது. காவிரிக்கரை நிலையம் என்பதால் அதன் வேளாண் பேச்செல்லாம் குறுவை, சம்பா, மேட்டூர் என்றே போகும். டெல்டாவில் ஒரு குழி நிலம்கூட இல்லாத எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, மேட்டூர் அணைக் கணக்கு அத்துபடி. நிரம்பினால் 120 அடி, வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்க வேண்டும். இரண்டாம் கட்டில் உட்கார்ந்து பனையோலைக் கொட்டான் பின்னிக்கொண்டே, "இன்னைக்கு எத்தனை அடின்னு சொன்னாக?" என்று கேட்பார்கள். யாரோ ஓர் உழவருக்காகச் சொன்னது, வளவு வீட்டு ஆயாவின் கவலையாகவும் ஆகிவிட்டது.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகத்தைத் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சாவூர் உழவர்கள் அந்த ரகத்தையே 'ரேடியோ நெல்' என்று கூப்பிட்டார்கள். பேச்சைக் கேட்டு, நம்பி, விதை வாங்கி நட்டிருக்கிறார்கள். ஒரு நிலையத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

அந்நாளில் காலை 6.55-க்கு சமஸ்கிருதச் செய்தி. வீட்டில் ஒருவருக்கும் புரியாது, ஆனாலும் அதை வாசிக்கும் பலதேவானந்த சாகர் என்ற பெயர் எல்லோருக்கும் மனப்பாடம். 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து விழும், கடைசி எழுத்தை விழுங்கவே மாட்டார். பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் நாங்கள் அந்தக் குரலைத்தான் பிடித்துப் பார்ப்போம். அப்புறம் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்'. வேளாண்மை படித்தவர். சிரிப்புக் கதையைக்கூடச் சிரிக்காமல், இழுத்த குரலில் சொல்லிக்கொண்டே போவார். முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயா சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போயிருப்பார். அவர் 2009-இல் காலமானார். அந்த நிதானத்தை இன்னொருவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

மதியம் திருச்சியிலிருந்து மாநிலச் செய்தி, மகளிர் நிகழ்ச்சி, மாலையில் உழவர்களுக்கானது என்று நாள் நகரும். ராத்திரி நாடகம்தான் எனக்கு உயிர். வெறும் குரலை வைத்தே வீடு கட்டிவிடுவார்கள். நடிகர் மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பேசினால் அடுத்த அறைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டால் மனசு கசந்துவிட்டது என்று தெரிந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்திலேயே அவர்கள் நடமாடுவது போல இருக்கும்.

இப்போது செல்போன் நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. எனக்கு அது போதவில்லை. நெல் நடாத நானும் பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், ஐயாவும் மகளிர் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் கவலையை ஒருவர் அறிய அதுவும் ஒரு வழி.

கேட்டுப் பார்க்க ஆசை இருந்தால், பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் தமிழ் நிலையங்கள் வருகின்றன. டிரான்சிஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது. மத்திய அலையில் இரைச்சல் வந்தால் ஏரியலை நீட்டிப் பயனில்லை. உள்ளே கிடக்கும் கருப்புக் கம்பிதான் அலையைப் பிடிக்கிறது, அதனால் பெட்டியையே மெதுவாகத் திருப்புங்கள், ஓரிடத்தில் குரல் தெளியும். எல்.இ.டி. விளக்கையும் சார்ஜரையும் தள்ளி வையுங்கள். கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். உழவர் நிகழ்ச்சி வந்ததும் நமக்கென்ன என்று அணைத்துவிடாதீர்கள்.