பைன் மரப் பிசினைக் காய்ச்சிக் கீல் செய்ய முடியுமா? நம் கொங்குப் பக்கத்தில் அதற்கு ஏதாவது பயன் உண்டா? பரிசலுக்குப் பூசலாமா?

முடியும். கீல் என்பது சூட்டில் இளகி, ஆறினால் இறுகி ஒட்டும் கறுப்புப் பசை. நான் மூன்று முறை முயன்றிருக்கிறேன். முதல் முறை பைன் பிசினே இல்லாமல் செய்யப் போய் அமுச்சியின் (அம்மாவின் அம்மா) அலுமினியச் சட்டி ஒன்று பாழானது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் அதே தவறைத்தான் செய்வார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) கொஞ்சம் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல். அப்புச்சியின் கொடுவாள் பிடிக்குள் ஆட ஆரம்பித்திருந்தது. "அரக்கு வைத்து இறுக்கினால் நின்றுவிடும் கண்ணு" என்றார். அரக்கு கையில் இல்லை. மரத்தில் வழிவதெல்லாம் பிசின், பிசின் என்றால் ஒட்டும், இவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரியும். வெள்வேல மரத்தில் கட்டிக் கட்டியாக நின்றதைப் பெயர்த்து வந்து சட்டியில் போட்டு அடுப்பேற்றினேன். உருகவே இல்லை. ஓரம் பொங்கியது, பொரிந்தது, சர்க்கரை தீய்ந்த நாற்றம் அடித்தது, கடைசியில் கரியாகிச் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வகையில் ஒட்டத்தான் செய்தது!

பிசின் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு பொருள்களுக்குச் சொல்கிறோம். வேலம் பிசின், வேப்பம் பிசின், முருங்கைப் பிசின் எல்லாம் சர்க்கரையின் தூரத்து உறவு. தண்ணீரில் ஊறும், கொழகொழக்கும். நெருப்பில் உருகாது, கருகும். பைன் மரத்தில் வழிவது நேர் எதிர். தண்ணீரை அண்ட விடாது, சூட்டில் பாகாக உருகும், ஆறினால் கல்லாகும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் குங்கிலியம் இந்த இரண்டாவது சாதி. கிளுவை இரண்டுக்கும் நடுவில். அது குக்குலு, வெள்ளைப்போளம் தரும் மரங்களின் இனம். அந்த இனத்தின் பாலில் பாதி தண்ணீரில் கரையும், பாதி கரையாது. வேலியிலிருந்து கீல் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அப்புச்சி சொன்ன அரக்கு மரப்பாலே இல்லை. மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. ஆனால் குணத்தில் குங்கிலியத்தின் பங்காளி. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். கோவையில் நகை வேலை செய்கிறவர்கள் அரக்கில் நகையைப் பதித்து வைத்துச் சித்திர வேலை செய்வதும் இந்தக் குணத்தை நம்பித்தான்.

இனி பைன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாமா கணக்கு எழுதுகிறார். அந்தத் தோட்டத்து எல்லையில் சில பைன் மரங்கள் இருக்கின்றன. நீலகிரியில் நாம் பார்க்கும் பைன்கள் இந்த மண்ணின் மரங்கள் அல்ல. மெக்சிகோவின் பினஸ் பட்டுலா போன்றவற்றைக் கொண்டுவந்து நட்டார்கள். இமயமலை அடிவாரத்துச் சிர் பைனைப்போல இவற்றைச் சீவிப் பால் வடிக்கும் தொழில் இங்கே கிடையாது. கிளை வெட்டிய வடுக்களில் தானாக வழிந்து உறைந்ததைத்தான் நான் பொறுக்கினேன், அதுவும் தோட்டத்தில் கேட்டுக்கொண்டு. மரத்துக்கு அது புண்ணில் போட்ட கட்டு. வடுவின் மேல் இருப்பதை விட்டுவிட்டு, கீழே பட்டையில் சொட்டி நிற்பதை மட்டும் எடுங்கள். வனத்துறை நிலத்தில் நிற்கும் மரத்தைத் தொடவே வேண்டாம், வழக்கு வரும்.

மலையேற வசதி இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பைன் பாலை வாலையில் (காய்ச்சி வடிக்கும் பாத்திரம்) வடித்தால் ஆவியாகிப் போவது டர்பன்டைன், அடியில் தங்குவது ரோசின். வயலின் வில்லில் தேய்க்கும் மஞ்சள் கட்டியும், ஈயப் பற்றுவைப்பில் பயன்படுத்தும் கட்டியும் இந்த ரோசின்தான். மின் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். மூன்றாவது முறை நான் அதைத்தான் வாங்கினேன். ஊசி இலை, எறும்பு, பட்டைத்தூள் எதுவும் இல்லாமல் வேலை பாதியாகக் குறைந்தது. மலையில் பொறுக்கிய பிசினின் வாசனை மட்டும் அதில் இல்லை.

காய்ச்சும் முறைக்கு வருகிறேன். நேரடி நெருப்பு கூடாது. பச்சைப் பிசினில் டர்பன்டைன் இருக்கிறது, அதன் ஆவி லேசில் பற்றிக்கொள்ளும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் பழைய தகர டப்பாவை இறக்கி உருக்குங்கள். ரோசின் 70, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், கொதிநீரின் சூடே போதும். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தப் புகை சிலருக்கு இருமலும் இழுப்பும் கொண்டுவரும். பக்கத்தில் ஒரு மூடியும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

உருகியதும் ஆணியால் ஓட்டை போட்ட இன்னொரு டப்பாவில் வடிகட்டினால் குப்பை நின்றுவிடும். இப்போது இருப்பது வெறும் பிசின். அப்படியே ஆற விட்டால் கண்ணாடிபோல இருக்கும், கண்ணாடிபோலவே உடையும். கீல் ஆவதற்கு இரண்டு பொருள்கள் சேர வேண்டும். ஒன்று கரித்தூள், உடம்பு கொடுக்க. காங்கேயத்தில் தேங்காய்த் தொட்டிக் கரிக்கா பஞ்சம்? நன்றாக இடித்து, துணியில் சலித்துச் சேர்த்தேன். இரண்டாவது தேன்மெழுகு, வளைந்து கொடுக்க. சுவாமிமலையில் சிலை வார்ப்பதற்கு மெழுகு உரு செய்யும்போது மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலப்பார்கள். அங்கே குழையும் மெழுகுக்குக் குங்கிலியம் விறைப்புத் தருகிறது, இங்கே விறைத்த பிசினுக்கு மெழுகு குழைவு தருகிறது. எனக்குச் சரிவந்த அளவு, பிசின் ஐந்து கரண்டி என்றால் கரித்தூள் ஒன்றரைக் கரண்டி, மெழுகு அரைக் கரண்டி. நார்ச்சத்துக்காகக் காய்ந்த சாணத்தூள் சேர்ப்பவர்களும் உண்டு. பட்டியில் கிடந்த ஆட்டுப் புழுக்கையை இடித்து ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். விரிசல் குறைந்தது உண்மை.

பதம் பார்ப்பது பாகுக்குப் பார்ப்பதுபோலத்தான். கவுந்தப்பாடிப் பக்கம் சர்க்கரை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து வளையுங்கள். பட்டென்று ஒடிந்தால் மெழுகு போதவில்லை. சவ்வுமிட்டாய்போல இழுபட்டால் மெழுகு கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் பிசின் சேருங்கள். கொஞ்சம் வளைந்து, பிறகு ஒடிந்தால் அதுதான் பதம். ரொம்ப நேரம் காய்ச்சினாலும் ஒடியும் தன்மை வந்துவிடும், அவசரம் கூடாது. மறந்துவிட்டு அந்தப் பக்கம் போவதும் கூடாது.

கொடுவாளுக்கு வைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பிடியின் துளையைச் சுரண்டிக் காயவிட்டு, இரும்பின் முனையைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கி (இரும்பு குளிர்ந்திருந்தால் கீல் ஒட்டாமல் உரிந்துவிடும்), துளைக்குள் கீலை ஊற்றி, இரும்பை இறக்கி, பூணைத் தட்டி இறுக்கினேன். தை மாதம் அது. அப்புச்சி வேலி கழித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று பொருள். சித்திரையில் ஒரு நாள் கொடுவாளைத் தகரக் கொட்டகையின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து பிடியைப் பிடித்துத் தூக்கினால் கையில் பிடி மட்டும் வந்தது! இரும்பு தகரத்தின் மேலேயே கிடந்தது, கறுப்பாக நூல் இழுத்துக்கொண்டு. நல்லவேளை, ஓங்கும்போது கழன்று பறக்கவில்லை. குளிர்நாடுகளின் செய்முறையை அப்படியே எடுத்தால் நம் வெயிலில் இதுதான் நடக்கும். அடுத்த முறை மெழுகைப் பாதியாகக் குறைத்து, கரித்தூளைக் கூட்டி, பிடியின் குறுக்கே ஓர் ஆணியும் அடித்தேன். ஓங்கி வெட்டும் ஆயுதத்துக்குக் கீலை மட்டும் நம்பவே கூடாது என்பது என் கருத்து.

பரிசலுக்குப் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடிவேரியில் பரிசல் ஓட்டும் ஒருவரிடம் இதையே கேட்டேன். "மூங்கில் மூச்சு விடுகிற மாதிரி அசையுங்க தம்பி, உங்கள் மருந்து வெடித்துவிடும்" என்றார். அவர்கள் பூசுவது ரோடு போடும் தார். பெரிய பரப்பு, எப்போதும் நெளியும் சட்டம், மலிவு விலை, மூன்றுக்கும் தார்தான் பொருந்தும். பழைய மரக்கப்பல்களுக்குப் பூசிய பைன் தாரும் நாம் பேசும் கீலும் ஒன்றல்ல. அது பைன் கட்டையையும் வேரையும் காற்றுப் புகாமல் மூட்டம் போட்டு வடித்த எண்ணெய். அதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்தால் கப்பல் கீல். வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல அது. நம் கீலுக்கு ஏற்றவை சின்ன வேலைகள்: காய்கறிக் கத்தியின் பிடி, விரிசல் விட்ட மண் தொட்டி, சொட்டுகிற தகர வாளி, பிரிந்து வரும் கயிற்றின் முனை. குடிதண்ணீர்ப் பாத்திரத்துக்கு நான் பூச மாட்டேன், தண்ணீரில் வாடை இறங்கும்.

கையில் ஒட்டினால் சோப்பு போட்டுத் தேய்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். தேங்காய் எண்ணெயைத் தடவிப் பிசைந்தால் கரைந்து வரும், பிறகு சோப்பு.

மிச்சக் கீலை ஒரு குச்சியின் முனையில் உருட்டி வைத்துக்கொண்டால் வேண்டும்போது சூடுகாட்டிச் சொட்டவிடலாம். ஆனால் இறுகிக் கல்லாகத் தெரியும் கீலும் மெல்ல மெல்ல வழியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் கீலை ஊற்றி வைத்தார்கள். சுத்தியால் அடித்தால் உடையும் அந்தப் பொருளிலிருந்து 1930 முதல் 2014 வரை ஒன்பது சொட்டுகள் விழுந்திருக்கின்றன. நான் என் குச்சியை மேற்கு ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தேன். பங்குனி முடிவதற்குள் உருண்டை நீண்டு, தொங்கி, ஜன்னல் கட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது அது மாட்டுக் கொட்டகையில் ஒரு தேங்காய்த் தொட்டிக்குள் படுத்திருக்கிறது.