பாலிப் எடுத்த இடத்தை ஆறு மாதம் கழித்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்குப் பெருங்குடலில் இருந்த பெரிய பாலிப் (உள்சுவரில் வளரும் சதைத் திரட்சி) ஒன்றை, கொலோனோஸ்கோபி செய்யும்போதே துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'சிக்மாய்டு, 40 செ.மீ., டாட்டூ போடப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமாம். அதற்குள் நாங்கள் வேறு ஊருக்குக் குடிபோகிறோம். புது டாக்டரால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முன்கூட்டியே ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் துல்லியமாகத் தெரிந்துவிடாதா? உள்ளே போட்ட மை ஏதாவது கெடுதல் செய்யுமா?

பதில்: கண்டுபிடிக்க முடியும், பயப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் அந்த 40 செ.மீ. பெரிதாக உதவாது. கைகொடுக்கப் போவது, குடல்சுவரில் மையால் போட்ட அடையாளமான டாட்டூவும் அன்று எடுத்த படங்களும்தான்.

ஆசனவாய் வழியே உள்ளே விடும் கேமரா குழாயான ஸ்கோப்பின் வெளிப்புறத்தில் சென்டிமீட்டர் கோடுகள் இருக்கும். ஆசனவாயில் எந்தக் கோடு நிற்கிறதோ அதைப் படித்துத்தான் அந்த எண்ணை எழுதுகிறோம். பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். ஆனால் ஸ்கோப்பை நேராக்கிவிட்டால் 70, 80 செ.மீ.யிலேயே குடலின் கடைசி முனையைத் தொட்டுவிடலாம். பாவாடையில் நாடா கோக்கும்போது துணி சுருங்கிக்கொண்டு போகுமே, அப்படித்தான் குடலும் ஸ்கோப்பின் மேல் சுருங்கிக்கொள்கிறது. உள்ளே போகும்போதோ கதை தலைகீழ். மலக்குடலுக்கு அடுத்து வளைந்து கிடக்கும் சிக்மாய்டு பகுதியில் ஸ்கோப் வளைந்து சுருண்டு நிற்கும். அப்போது 60 என்று காட்டிய இடம், ஸ்கோப்பை நேராக்கி வெளியே இழுக்கும்போது 35 என்று காட்டலாம். இடம் ஒன்றுதான், எண்தான் வேறு. அதனால் வெளியே எடுக்கும்போது படித்த எண்ணுக்குத்தான் ஓரளவாவது மதிப்பு. மலக்குடல் மட்டும் இதற்கு விலக்கு. அது சுமார் 15 செ.மீ. நீளம்தான், அதிகம் நகராது, அங்கே அளவை நம்பலாம். உங்கள் அப்பாவுக்கு இருந்தது சிக்மாய்டில். வயிற்றுக்குள் தொங்கலாக, விருப்பப்படி நகரும் பகுதி அது.

வேறு அடையாளங்கள் இல்லையா என்றால், சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியவை குடலின் இரண்டு முனைகளில்தான் உள்ளன. ஒரு முனையில் மலக்குடல். இன்னொரு முனையில் குடல்வால் துவாரமும் சிறுகுடல் வந்து திறக்கும் வாயும். நடுவில் கல்லீரல் பக்கம் தெரியும் நீல நிழல், குறுக்குக் குடலின் முக்கோண வடிவம் என்று சில குறிப்புகள் உண்டு. மற்றபடி எல்லாம் ஒரே இளஞ்சிவப்புக் குழாய். அனுபவசாலிகளே இடம் மாற்றிச் சொல்லிவிடுவதுண்டு.

அதனால்தான் டாட்டூ. மெல்லிய ஊசியால் முதலில் கொஞ்சம் உப்புநீரைச் செலுத்தி, குடலின் உள்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கொப்புளம் எழுப்புவோம். பிறகு அந்தக் கொப்புளத்துக்குள் அரை முதல் ஒரு மில்லி கரித்தூள் மையை ஏற்றுவோம். நேரடியாக மையைக் குத்தினால் ஊசி சுவரைத் தாண்டி வெளியே போய்விடக்கூடும். பாலிப் இருந்த இடத்துக்கு நேர் அடியில் மை போடுவதில்லை. போட்டால் அங்கே தழும்பு இறுகி, மிச்சம் ஏதாவது இருந்து மறுபடி எடுக்க வேண்டி வந்தால், வெட்டுவதற்கு வசதியாகத் திசுவை அடியிலிருந்து மேலே தூக்க முடியாது. வழக்கமாக ஆசனவாய்ப் பக்கமாக 3 செ.மீ. தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் போடுவார்கள். சுற்றிலும் போடுவதற்குக் காரணம், ஒருவேளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் குடல் எப்படித் திரும்பிக் கிடந்தாலும் வெளியிலிருந்து கறை தெரிய வேண்டும்.

இங்கேதான் உங்கள் ரிப்போர்ட்டில் குறை. 'டாட்டூ போடப்பட்டது' என்பது பாதித் தகவல்தான். பாலிப்புக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி, எத்தனை இடத்தில்? எல்லோரும் ஒரே முறையில் போடுவதில்லை, சிலர் எதிர்ச்சுவரில் போடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தழும்பு வெளிறிய ஒரு திட்டாகத்தான் இருக்கும், சுற்றியுள்ள மடிப்புகள் அதை நோக்கிக் கூடி நிற்கும். ஒரு மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் கண்ணில் படாமலே போய்விடும். கருநீலக் கறையைப் பார்த்த டாக்டருக்கு, அங்கிருந்து எந்தத் திசையில் தேடுவது என்று தெரிந்தாக வேண்டும்.

மையைப் பற்றி: கரித்துகள்கள் பல வருடம் அங்கேயே தங்கும், பொதுவாக எந்தத் தொல்லையும் தராது. எப்போதாவது மை சுவரைத் தாண்டிக் கசிந்தால் வயிற்றுவலியோ காய்ச்சலோ வரலாம். வந்திருந்தால் போட்டவுடன் வரும் நாட்களிலேயே தெரிந்திருக்கும்.

சரி, சி.டி. ஸ்கேன்? இந்தக் காரணத்துக்காக வேண்டாம். தட்டையான தழும்பு சி.டி.யில் தெரியாது, கரி மையும் தெரியாது. குடலில் காற்று நிரப்பி எடுக்கும் சி.டி. கொலோனோகிராஃபி, துருத்தி நிற்கும் பாலிப்புகளை நன்றாகக் காட்டும், தட்டையானவற்றைத் தவறவிடும். அதோடு, படம் எடுத்தபோது இருந்த இடத்திலேயே சிக்மாய்டு அடுத்த வாரமும் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நுரையீரலில் சி.டி. படத்தை வரைபடமாக வைத்து பிராங்கோஸ்கோப்பை (மூச்சுக்குழாய்க்குள் விடும் ஸ்கோப்) ஓட்டுகிறார்கள், உண்மைதான். அங்கேயும் மூச்சினாலும் மயக்க மருந்தினாலும் நுரையீரல் இடம் மாறுவதால், ஊசியால் குத்தித் திசு எடுப்பதற்கு முன் அல்ட்ராசவுண்டிலோ புது எக்ஸ்ரே படத்திலோ சரிபார்க்கிறார்கள். வெட்டி எடுத்த பாலிப்பின் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்திருந்தால் மட்டும் பேச்சே வேறு. அப்போது எந்த அளவு பரவியிருக்கிறது என்று பார்க்க சி.டி. அவசியம்.

சில இடங்களில் ஸ்கோப்புக்குள் காந்தச் சுருள்கள் வைத்து, கதிர்வீச்சே இல்லாமல் அதன் வளைவை திரையில் காட்டும் கருவி இருக்கிறது. ஸ்கோப் சுருண்டிருக்கிறதா, முனை எந்தப் பகுதியில் நிற்கிறது என்று அன்றைக்குத் தெரியும். குடல்சுவரில் அது எந்த அடையாளத்தையும் விட்டுச்செல்லாது.

குடிபோவதற்கு முன் பழைய டாக்டரைப் பார்த்து ஒரு வரி கேட்டு வாங்குங்கள். 'சிக்மாய்டு, வெளியே எடுக்கும்போது 40 செ.மீ., டாட்டூ ஆசனவாய்ப் பக்கம் 3 செ.மீ. தள்ளி, இரண்டு இடங்களில்' என்பதுபோல, நடந்தது எதுவோ அது. கூடவே பயாப்ஸி ரிப்போர்ட், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த கலர் படங்கள், வீடியோ இருந்தால் அதுவும். தழும்பும் டாட்டூவும் ஒரே படத்தில் இருந்தால் மிக நல்லது. வெட்டிய இடத்தில் உலோகக் கிளிப் போட்டார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாக விழுந்துவிடும் என்றாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கும் பேச்சு வந்தால் அங்கே சொல்லியே ஆக வேண்டும்.

புது டாக்டரிடம் இவற்றை மயக்க மருந்து கொடுப்பதற்குச் சற்று முன்பு நீட்டாமல், சில நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை அப்பா சொன்னபடி முழுவதும் குடிக்கட்டும், கலங்கிய குடலில் டாட்டூவே தட்டுப்படாமல் போகலாம். தழும்பு சுத்தமாக இருந்தால் அடுத்த பரிசோதனை பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து. அதற்கான படத்தையும் குறிப்பையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.