உண்மை கண்டறியும் சோதனை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பாலிகிராஃப் கருவி பொய்யை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: கண்டுபிடிப்பதில்லை. மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வையால் தோலின் மின்கடத்தும் திறனில் ஏற்படும் மாற்றம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. அந்த மாற்றம் பொய்யால் வந்ததா, அச்சத்தால் வந்ததா என்று முடிவு செய்பவர் மனிதரே.

கேள்வி: ஊசி போட்டுத்தானே பாலிகிராஃப் எடுப்பார்கள்?

பதில்: ஊசி போடுவது நார்கோ சோதனை; அதில் மருந்து செலுத்தி, அரை மயக்க நிலையில் கேள்வி கேட்பார்கள். இதைப் பலமுறை விளக்கிவிட்டேன். எழுதுவதற்கு முன் பழைய பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: என் மைத்துனரிடம் காவல் நிலையத்திலேயே சம்மதக் கடிதம் எழுதி வாங்கிவிட்டார்கள். இது செல்லுமா?

பதில்: செல்லாது. இத்தகைய கடிதங்களைப் பற்றி எனக்குத் தொடர்ந்து வருத்தமும் கோபமும் உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறிமுறைகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே மாதத்திலேயே தீர்ப்பளித்துவிட்டது. அவற்றின்படி, சம்மதம் நீதித்துறை நடுவர் முன் பதிவாக வேண்டும். சோதனைக்கு உட்படுபவர் தன் வழக்கறிஞரோடு கலந்து பேச வாய்ப்பளிக்க வேண்டும். சோதனையால் உடலுக்கும் மனத்துக்கும் வழக்குக்கும் என்ன விளையும் என்பதைக் காவல்துறையும் வழக்கறிஞரும் எடுத்துச் சொல்ல வேண்டும். எத்தனை நாள் காவலில் இருந்தார், எப்படி விசாரிக்கப்பட்டார் என்பதையும் நடுவர் கவனிக்க வேண்டும். சோதனைப் பதிவும் மருத்துவமனை போன்ற சார்பற்ற அமைப்பிடம், வழக்கறிஞர் முன்னிலையில் நடக்க வேண்டும். இரவெல்லாம் விசாரிக்கப்பட்டவர் விடியற்காலையில் போடும் கையெழுத்தை யாரும் சம்மதம் என்று சொல்லக் கூடாது. வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: மறுத்தால் குற்றவாளி என்று ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு; மறுப்பது அது தரும் உரிமை.

கேள்வி: சோதனையில் தேறியவரைக் காவல்துறை விட்டுவிடுமா?

பதில்: விடக் கூடாது. அமெரிக்காவில் பல பெண்களைக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984-இல் இதே சோதனையில் தேறினார். 2001-இல் மரபணுச் சான்றின் அடிப்படையில்தான் கைதானார்.

கேள்வி: முடிவை நீதிமன்றம் ஏற்குமா?

பதில்: மனமுவந்து செய்துகொண்ட சோதனையின் முடிவும் தனியாகச் சான்றாகாது. அதன் வழியே பின்னர் கிடைத்த பொருளோ தகவலோ, பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் கீழ் (இப்போது பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு) ஏற்கப்படலாம்.

கேள்வி: நிரபராதி தானே நார்கோ சோதனை கேட்டால் நீதிமன்றம் மறுக்க முடியுமா?

பதில்: முடியும். பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2025-இல், இது மறுக்க இயலாத உரிமை அன்று என்றது. சாட்சியம் அளிக்கும் கட்டத்தில், தக்க பாதுகாப்புகளோடு அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.