சிற்பம் ஏன் தட்டையாக விழுகிறது?

வணக்கம். கோயில் சிற்பங்களைப் படமெடுக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசை எடுக்கக் காலை ஏழு மணிக்கே போனேன். வெயில் பளிச்சென்று விழுந்தும் உருவங்கள் பாறையோடு ஒட்டிப்போய்த் தட்டையாகத் தெரிகின்றன. ஆனி மாதம் கங்கைகொண்ட சோழபுரம் போனால், தெற்குச் சுவரில் நாள் முழுக்க வெயிலே இல்லை. என்னிடம் இருப்பது 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், ஒரு செல்போன். துளை அகலமாகத் திறக்கும் எஃப் 2.8 லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

லென்ஸ் வாங்க வேண்டாம். இரண்டு இடத்திலும் உங்களுக்கு இடித்தது வெயிலின் திசை.

புடைப்புச் சிற்பத்தின் ஆழத்தைப் படத்தில் காட்டுவது நிழல். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. ஏழு மணி வெயில் அதன் முகத்தில் நேராக விழுகிறது. மூக்கின் நிழல் மூக்குக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. அதே பாறை முன் பத்திலிருந்து பதினொரு மணிக்குள் போய் நில்லுங்கள். சூரியன் மேலேறி, வெயில் பாறையை உரசிக்கொண்டு இறங்கும். யானையின் காது மடிப்பும், கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையின் விலா எலும்பும் அப்போதுதான் எழுந்து நிற்கும். உச்சி தாண்டினால் பாறை நிழலுக்குள் போய்விடும். விடிகாலை வெளிச்சம்தான் எதற்கும் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிழக்குப் பார்த்த சுவருக்கு அது பொருந்தாது.

எந்தச் சுவராக இருந்தாலும் ஒரு பேனாவை வைத்துச் சோதித்துவிடலாம். கல்லைத் தொடாமல், சிற்பத்துக்குப் பக்கத்தில் வெறும் சுவருக்கு நேரே பேனாவை ஆணி அடித்ததுபோல் நீட்டிப் பிடியுங்கள். நிழல் பேனாவை விடக் குட்டையாக இருந்தால் படம் தட்டையாகத்தான் வரும். பேனாவைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரை நீண்டால் அதுதான் நேரம். மூன்று மடங்கைத் தாண்டினால் முகத்தில் பாதி கறுத்துப்போகும்.

அடுத்தது தெற்குச் சுவர். கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சை, தாராசுரம் எல்லாம் ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருக்கின்றன. அதனால் சித்திரை முதல் வாரம் கழிந்ததிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை அங்கே நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். ஆனியில் தெற்குச் சுவருக்கு ஒரு கீற்றுகூடக் கிடைக்காது. ஐப்பசி முதல் மாசி வரை இது அப்படியே தலைகீழ்: தெற்கே நாள் முழுக்க வெயில், வடக்கே நிழல். கிழக்குப் பார்த்த சிவன் கோயிலில் தெற்குக் கோஷ்டத்தில், அதாவது சுவர் மாடத்தில், தட்சிணாமூர்த்தி, மேற்கில் பெரும்பாலும் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மாவும் துர்க்கையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆக தட்சிணாமூர்த்திக்கு மார்கழி, துர்க்கைக்கு ஆனி. ஆனிக் காலை ஏழரை மணிக்கு வெயில் வடக்குச் சுவரை ஒட்டியே வரும். அன்று நீங்கள் கோயிலை இந்தப் பக்கம் சுற்றி வந்திருந்தால் போதும்.

கோஷ்டச் சிற்பத்தில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. மாடத்தின் மேல்விளிம்பு நடுப்பகலில் முகத்தின் மேல் நிழலை இறக்கிவிடும், கண்குழி கறுத்துவிடும். அதற்குப் பக்கவாட்டு வெயில் வேண்டும்: காலை எட்டு முதல் ஒன்பது, மாலை நாலரையை ஒட்டி. அப்போதும் நிழல் பக்கம் மிகவும் இருண்டால், கூட வந்தவரிடம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடுத்து, வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நாலடி தள்ளி விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் நிழல் மெல்ல இளகுவது கண்ணுக்கே தெரியும். இன்னும் கிட்டே வந்தால் நிழலே போய்விடும். கேமராவின் ஃபிளாஷ் வேண்டாம், அது ஏழு மணி வெயில் செய்த அதே வேலையைத்தான் செய்யும். கல்லில் தண்ணீர் தெளிப்பது, சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பது எதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயிரம் ஆண்டு நின்ற கல் அது.

உங்கள் 18-55 லென்ஸை 55இலேயே வையுங்கள். 18இல் கிட்டே போய் அண்ணாந்து எடுத்தால் முழங்கால் பெருத்து, தலை சிறுத்து, சிற்பியின் அளவுகள் எல்லாம் கெட்டுவிடும். பின்னால் தள்ளி நின்று, கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக இருக்கும்படி பிடியுங்கள். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 வையுங்கள். தூக்கிய கையும் பின்னால் இருக்கும் பிரபை என்ற ஒளிவட்டமும் சேர்ந்து கூர்மையாக வர அது வேண்டும். உங்கள் நண்பர் சொன்ன எஃப் 2.8 இங்கே பயன்படாத இடம். ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டாம். மண்டபத்துக்குள் வெளிச்சம் போதாவிட்டால் கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், கை ஆடிய படத்தை முடியாது. தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்துவதே வழி.

எண்ணெய் ஏறிய கருங்கல்லைக் கேமரா சாம்பலாக்கிவிடும். அதன் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணித்தான் அளக்கிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள். பின்னால் வானம் தெரிந்தால் இதற்கு நேர்மாறாக ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் மாலை வெயிலின் பொன்னிறத்தைக் கழுவிவிடும். டேலைட்டில் வையுங்கள்.

செல்போனில் வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் எச்டிஆரை அணைத்துவிடுங்கள். நீங்கள் காத்திருந்து பிடித்த நிழலைத்தான் அது முதலில் வெளுக்கும். அணைக்க வழி இல்லையென்றால் ப்ரோ மோடில், போன் திருத்தாத ரா கோப்பாக எடுங்கள். இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போனில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். முகத்தில் வெயில் விழும் இடத்தை விரலால் அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள்.

மார்கழியில் ஒரு முழு நாளைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒதுக்குங்கள். எட்டு மணிக்குத் தெற்குச் சுவர். பத்தரைக்குக் கிழக்குப் பார்த்தவை. நடுப்பகலில் நிழலில் உட்கார்ந்து எடுத்ததைப் பாருங்கள். மூன்றரைக்கு மேற்குச் சுவரில் தெற்கிலிருந்து சாய்வாக வெயில் விழும், நாலரைக்கு மறுபடி தெற்குச் சுவர். பேனாவை மறக்காதீர்கள்.