பெரிய கோவிலின் நிழலும் நானூறு பெண்களும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வரலாறு, புராணம் என்று தினம் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவிலின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல், நந்தி வளர்ந்துகொண்டே போனதால் ஆணி அடித்து நிறுத்தினார்கள், உச்சிக்கல்லைக் கொடுத்தது ஒரு மோர்க்காரக் கிழவி, இப்படி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பெண் "இதுல எதுப்பா உண்மை?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. பொய் என்று சொன்னால் என் பெரியப்பா கோபித்துக்கொள்கிறார், நம் பெருமையை நீயே குறைக்கிறாய் என்கிறார். புராணக் கதைகளை எல்லாம் மொத்தமாக ஒதுக்கிவிட வேண்டியதுதானா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

முதலில் நிழலை முடித்துவிடலாம். நிழல் விழும். காலையில் போனால் விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கத்துத் தரையில் நீளமாகக் கிடக்கும். சாயங்காலம் அது கிழக்கே திரும்பி மண்டபங்களின் கூரைமேல் ஏறிவிடுகிறது, அந்த நேரத்தில் கூட்டத்தோடு உள்ளே வருபவர்களுக்குக் கண்ணில் படாமல் போவது இதனால்தான். "இல்லை, உச்சிப்பொழுதில் விழாது என்றுதான் சொல்கிறோம்" என்று உங்கள் பெரியப்பா சொன்னால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். டிசம்பர் கடைசியில் தஞ்சாவூரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து கிட்டத்தட்ட 56 பாகையில் நிற்கிறது. அப்படியென்றால் உச்சியின் நிழல் விமானத்தின் நடுவிலிருந்து வடக்கே சுமார் 40 மீட்டர் தள்ளிப் போய் விழ வேண்டும். அடித்தளத்தின் பாதி அகலம் ஏறத்தாழ 15 மீட்டர்தான். ஆக, மார்கழி மாதம் பட்டப்பகலிலும் தரையில் நிழல் உண்டு. ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் மேலே வருவதால் அந்த நாட்களின் நண்பகலில் நிழல் இல்லாமல் போகும்; ஆனால் அன்றைக்கு ஊரில் உள்ள விளக்குக் கம்பத்துக்கும்தான் நிழல் இருக்காது.

80 டன் கல்லும் அப்படித்தான். உச்சியில் உள்ள சிகரம் பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தியது. பெரிய நந்தி நாயக்கர் காலத்தில் வந்தது, ராஜராஜன் அதைப் பார்த்திருக்கவே முடியாது. சரி, இவை இவ்வளவுதான்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். இந்தச் செய்திகள் எந்தக் கோவிலைப் பற்றிப் பரப்பப்படுகின்றனவோ அந்தக் கோவில் தன் கதையைத் தானே சுவரில் எழுதி வைத்துக்கொண்டு ஆயிரம் வருஷமாக நிற்கிறது. விமானத்தின் அதிட்டானத்தை, அதாவது அடித்தளத்தைச் சுற்றி எழுத்துகள், நடந்து வருகிறவர் விரலால் தொட்டுப் பார்க்கலாம். அதில் ராஜராஜன் நேரடியாகப் பேசுகிறான்: "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" (நாம் கட்டுவித்த கற்கோவில்) என்று சொல்லிவிட்டு, நாம் கொடுத்தவையும், அக்கன் கொடுத்தவையும், நம் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்தவையும் கல்லிலே வெட்டுக என்று ஆணை போடுகிறான். ஒரு பேரரசன் தனக்கு அடுத்தபடியாக, மனைவிமாருக்கும் முன்னால், அக்காவை வைக்கிறான். அந்த அக்காவான குந்தவை, தன் அப்பா அம்மா இருவருக்கும் படிமம் செய்து இதே கோவிலில் வைத்தாள், அதுவும் கல்வெட்டில் இருக்கிறது.

இவ்வளவு தெளிவாகப் பெயர் வெட்டி வைத்தும் கட்டியவன் யார் என்பதை ஊர் மறந்துபோனது! தலபுராணம் கரிகால் சோழன் தன் குஷ்டம் தீர்ந்ததற்காகக் கட்டினான் என்று சொல்லிற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பலர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக வந்தார். அவர் அந்த எழுத்துகளைப் படியெடுத்து, படித்து, மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகுதான் இது ராஜராஜன் கட்டியது என்பது சந்தேகமில்லாமல் நிலைபெற்றது. எத்தனை தலைமுறை அந்தச் சுவரைச் சுற்றி வந்து கும்பிட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எழுத்து அங்கேயேதான் இருந்தது, படிக்கத் தெரிந்த கண்தான் இல்லை. உங்கள் பெண்ணுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் கதை இதுதான்.

அப்புறம், படித்தால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ராஜராஜன் தன் 25ஆவது ஆட்சியாண்டில் 275ஆம் நாள் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் ஒன்று கொடுத்தான். பலம், கழஞ்சு என்பவை அந்தக் கால எடைகள்; செம்பின் எடை 3083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக்கூட விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையாவிளக்கு எரிய நாளுக்கு உழக்கு நெய் வேண்டும், அதற்கு 96 ஆடு என்று கணக்கு. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நெய்யைத் தவறாமல் அளந்தாக வேண்டும், ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்கில் 96 என்றைக்கும் 96தான். பெரிய கோவில் என்றால் கல்லை மட்டுமே பார்க்கிறோம். அந்தக் கல்லுக்குப் பின்னால் இந்த இடையர்களும் அவர்கள் மந்தைகளும் இருந்தார்கள்.

என் மனதை விட்டுப் போகாதது தளிச்சேரிப் பட்டியல், தளிச்சேரி என்றால் கோவில் பெண்கள் குடியிருந்த தெருக்கள். கோவிலில் ஆடுவதற்காகச் சோழநாட்டுக் கோவில்கள் பலவற்றிலிருந்து நானூறு பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். திருவாரூர், திருவையாறு, பழையாறு, நாகப்பட்டினம் என்று ஒவ்வொருத்தியும் எந்த ஊர், எந்தக் கோவிலிலிருந்து வந்தாள் என்பது இருக்கிறது. தெருவும் இருக்கிறது: தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு (தெற்கு வரிசை), தலைவீடு (முதல் வீடு), நக்கன் சேரமங்கை. அடுத்தது இரண்டாம் வீடு, அதில் இன்னொருத்தி. அப்புறம் மூன்றாம் வீடு. இப்படியே தெருத்தெருவாக, வீடுவீடாகப் போகிறது. பரவை, தில்லையழகி, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, எச்சுமண்டை என்று பெயர்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு நூறு கலம் நெல், அதை அளக்கும் மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான். ஒருத்தி செத்துப்போனால் அல்லது ஊரைவிட்டுப் போய்விட்டால் அந்தப் பங்கு அடுத்த உறவுக்குப் போகும், அந்த உறவுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஆளை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பெண்களோடு நட்டுவனார், சங்கூதுபவர், கணக்கர், குடைபிடிப்பவர், விளக்கேற்றுபவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், பொற்கொல்லர் என்று ஒரு ஊரே வரிசையாக வருகிறது. நாவிதருக்கு அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்து ராஜராஜப் பெருநாவிசன் என்கிறான். பெருந்தச்சன் குஞ்சரமல்லனுக்கும் அதே மாதிரிப் பட்டம், ராஜராஜப் பெருந்தச்சன். கோவிலைக் கட்டிய தச்சனும் முடிவெட்டிய நாவிதனும் அரசன் பெயரைப் பட்டமாகத் தாங்கி ஒரே கோவிலின் சுவரில் இருக்கிறார்கள்.

அந்த நானூறு பேரும் விருப்பப்பட்டு வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லவில்லை. அரசாணை வந்தால் போயே ஆக வேண்டிய காலம் அது. அம்மாவையும் சொந்த ஊரையும் விட்டு, பழகிய கோவிலை விட்டு வந்தவர்கள் என்பதை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த பெண்களின் பெயரை வரிசையாக இன்றைக்குப் படிக்க முடிகிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்? "நிழல் விழாது" என்ற ஒரு வரி இவர்கள் அத்தனை பேர் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பெருமையைக் குறைப்பது எது என்று பெரியப்பாவிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி புராணக் கதைக்கு வருகிறேன். மோர்க்காரக் கிழவி கதையை நான் ஒதுக்க மாட்டேன். அதைக் கல்லின் எடையைப் பற்றிய தகவலாகச் சொன்னால்தான் சிக்கல். கதையாகச் சொன்னால் அழகான கதை: அரசன் இத்தனை பெரிய கோவிலைக் கட்டுகிறான், வேலையாட்களுக்கு மோர் கொடுத்த கிழவி ஒருத்தி தன் பங்காகக் கல் ஒன்றைத் தருகிறாள், சாமி அவள் கொடுத்த நிழலில் இருப்பதாக அரசனிடமே சொல்கிறது. "மற்றும் கொடுத்தவர்கள்" என்று கல்வெட்டு சட்டமாக எழுதியதை ஊர் வாய் கதையாக வைத்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதே அமைப்பில் இன்னும் பழைய கதை ஒன்று உண்டு, பூசலார் கதை. திருநின்றவூரில் ஒரு ஏழை அந்தணர், கோவில் கட்டக் கையில் காசில்லை, மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, குளம் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய பெரிய கற்றளிக்கும் குடமுழுக்கு. சிவன் அரசனின் கனவில் வந்து, "நாளை நான் பூசல் கட்டிய கோவிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை விரித்துப் பாடுகிறார். அதற்கு வெகு முன்பே சுந்தரர் பாடலில் நின்றவூர்ப் பூசல் என்று பெயரும் ஊரும் வருகின்றன, கதை வரவில்லை.

காஞ்சிக் கைலாசநாதர் கோவிலைக் கட்டியது ராஜசிம்ம பல்லவன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அந்தக் கோவிலில் அவனுடைய வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. கிருத யுகத்தில் துஷ்யந்தன் போன்ற அரசர்கள் அசரீரி கேட்டார்கள், அது சரி. நற்குணமெல்லாம் விலகிப்போன இந்தக் கலியுகத்தில் இவன் அசரீரியைக் கேட்டானே, என்ன வியப்பு என்கிறது அது. அசரீரி என்ன சொன்னது என்பது அதில் இல்லை. பூசலார் பெயரும் இல்லை. ஆனால் ஒரு குரலைக் கேட்டதாக அந்த மன்னன் தன் காலத்திலேயே கல்லில் எழுதினான், நானூறு வருஷம் கழித்து ஒரு கவிஞர் காஞ்சியில் கோவில் கட்டிய ஒரு பல்லவ மன்னனுக்குச் சாமி சொன்ன வார்த்தைகளைப் பாடுகிறார். இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டையும் கட்டாயப்படுத்தி ஒன்றாக முடிச்சுப் போட வேண்டாம், பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

அதனால் உண்மையா பொய்யா என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: இதை யார், எப்போது முதலில் சொன்னார்கள்? கல்வெட்டு என்றால் எந்த ஆண்டு, பாட்டு என்றால் எந்த நூற்றாண்டு, வாய்வழிக் கதை என்றால் எந்த ஊர்? நிழல் கதைக்கு இதில் ஒன்றுக்கும் பதில் கிடையாது. பூசலார் கதைக்கு உண்டு, கிழவி கதைக்கும் ஓரளவு உண்டு.

தஞ்சைக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கும். தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் அதில் 66ஆவது எண். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அதன் தமிழ் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று வீடு படித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வாள், அப்புறம் அவளே மேலே போவாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.