ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு கேளுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் காட்பாடியில காலேஜ் படிக்கிறேன். புது ஆல்பம் வந்த அன்னைக்கு ராத்திரியே ரிவ்யூ எழுதிடறேன், ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கேட்டா நான் எழுதினதே தப்புன்னு தோணுது. எத்தனை தடவ கேட்டுட்டு எழுதறது?

தம்பி, கொறஞ்சது மூணு தடவ. முதல் தடவ போன கீழ வெச்சிட்டு சும்மா உக்காந்து கேளுங்க, ஒரு வரி கூட எழுத வேணாம். ரெண்டாவது தடவ நல்ல ஹெட்போன்ல, பேஸ் (அடியில ஓடற கனமான ஒலி) என்ன பண்ணுது, பின்னாடி யாரு பாடறாங்கன்னு கவனிச்சு. மூணாவது தடவ பாகாயம் போற டவுன் பஸ்ல, அந்த சத்தத்துக்கு நடுவுல எந்த ட்யூன் உங்கள விட்டு போகாம நிக்குதுன்னு பாருங்க. அதுக்கு அப்புறம் எழுதினா நீங்களே மாத்தி எழுத வேண்டிய தேவை ரொம்ப கொறையும்.

இன்னொன்னு, பாட்டு வரிசைய கலைச்சு போடற ஷஃபிள ஆஃப் பண்ணிடுங்க, இத நான் கெஞ்சியே கேக்கறேன். இளையராஜாவோட ஹவ் டு நேம் இட் ஆல்பம் 1986ல வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் அவர் பண்ண சமர்ப்பணம். அதுல ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’னு ஒண்ணு, பாஹ் தனி வயலினுக்கு எழுதின மூணாவது பார்ட்டிட்டாவோட (பல பகுதி சேந்த இசைத் தொகுப்பு) பிரிலூட், அதாவது ஆரம்பப் பகுதி, அப்படியே ஓட, அதுக்கு மேல நம்மாளு தன்னோடத சேத்து விடுவாரு. அது முடிஞ்ச ஒடனே அடுத்தது ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. வீட்டுக்கு வந்தாரு, அப்புறம் பேசிக்கினோம், அவ்ளோதான் கதை. இத மாத்தி போட்டு கேட்டா ஆளு வர்றதுக்கு முன்னாடியே பேச்சு முடிஞ்சிருக்கும் இல்லையா?

கேள்வி: அப்பா விட்டுட்டு போன கேசட் ஒரு டிரங்கு பெட்டி நெறைய இருக்கு, 15 வருஷமா யாரும் தொடல. கம்ப்யூட்டர்ல ஏத்தலாமா? (குடியாத்தம் வாசகி)

கண்டிப்பா ஏத்துங்கம்மா, ஆனா எடுத்த ஒடனே ப்ளே பட்டன அமுக்கிடாதீங்க. முதல்ல கேசட்ட வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, டேப் மேல வெள்ளையா பூஞ்சை மாதிரி இருந்தா அத தனியா எடுத்து வெச்சிடுங்க, இல்லன்னா ஒரு கேசட்டுல இருக்கறது ப்ளேயர்ல டேப்ப படிக்கற ஹெட்ல ஒட்டி மத்ததுக்கும் பரவிடும். நல்லா இருக்கறத ஒரு தடவ முழுசா முன்னாடி ஓட்டி, முழுசா பின்னாடி ஓட்டுங்க, பல வருஷம் இறுகி கெடந்த சுத்து கொஞ்சம் தளரும். டேப்புக்கு பின்னால ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கும், அது விழுந்திருந்தா சத்தம் மங்கி கேக்கும், டேப் போச்சுன்னு நெனச்சு தூக்கி போட்டுடாதீங்க. அஞ்சாறு கேசட்டுக்கு ஒரு தடவ ஹெட்ட பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு தொடைங்க. ஏத்தும்போது கம்ப்யூட்டர்ல சத்த அளவு காட்டற கோடு செவப்புக்கு போகாம பாத்துக்கோங்க, கொஞ்சம் கம்மியா ஏறினா அப்புறம் கூட்டிக்கலாம், ஒடஞ்சு போன சத்தத்த ஒண்ணும் பண்ண முடியாது. பெட்டிய பரண்ல வெக்காதீங்க, நம்ம ஊரு சித்திர வெயில் டேப்புக்கு ஆகாது.

அப்பா ரெக்கார்டிங் கடையில பாட்டு லிஸ்ட் குடுத்து பதிஞ்சது இருந்தா அந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க. எங்கிட்ட அப்படி ஒரு 60 நிமிஷ கேசட் இருக்கு, ஏ பக்கம் கடைசி பாட்டு இடம் பத்தாம பாதியில நின்னுடும், இன்னைக்கும் அந்த பாட்ட எங்க முழுசா கேட்டாலும் மனசு அந்த எடத்துல ஒரு செகண்ட் நிக்குது.

கேள்வி: சார், ரிட்டயர் ஆனவன், கர்நாடக சங்கீதம் கேப்பேன். பையன் ஜாஸ் கேக்க சொல்றான், ஒண்ணும் புடிபடல. (சத்துவாச்சாரி)

ஐயா, உங்களுக்குத்தான் இது சீக்கிரம் புடிபடும். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பம், 1959 மார்ச்சுலயும் ஏப்ரல்லயும் ரெண்டே தடவ உக்காந்து பதிஞ்சது, மொத்தம் அஞ்சே உருப்படி. முதல்ல வர்ற ‘சோ வாட்’ல பேஸ் ஒரு கேள்வி கேக்கும், மத்தவங்க ரெண்டே ஸ்வரத்துல பதில் சொல்வாங்க. அதுல வர்ற ஸ்வரங்கள கூட்டி பாருங்க, அது நம்ம கரகரப்பிரியா ஸ்வரங்கதான்! 32 பார் (நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு) ஒரு சுத்து, 16 பார் ஒரே எடத்துல, அடுத்த 8 பார் அதையே அரை ஸ்வரம் மேல தூக்கி வாசிப்பாங்க, கடைசி 8ல திரும்ப பழைய எடத்துக்கே வந்துடுவாங்க. கார்டு கார்டா (சேந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) மாத்திக்கினே ஓடற ஜாஸ விட்டுட்டு ஒரு ஸ்கேல்லயே, அதாவது ஒரு ஸ்வர வரிசையிலயே, நின்னு விரிக்கறாங்க. கமகம் இல்ல, ராகம்னு சொல்ல முடியாது, ஆனா நின்னு யோசிக்கற அந்த பொறும உங்களுக்கு பழக்கமானதுதான்.

இதோட பழைய எல்பி (பெரிய இசைத்தட்டு) கெடச்சா ஒரு விஷயம், முதல் பக்கம் பதிஞ்ச மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடினதால தட்டுல சுருதி கொஞ்சம் ஏறி கேக்கும், 1992 ரீஇஷ்யூலதான் சரி பண்ணாங்க. உங்க காதுக்கு அது தெரியும், அதனால புது பதிப்பயே வாங்குங்க.

கேள்வி: ரிவ்யூவுல ஸ்டார் எத்தனைன்னு போட மாட்டீங்களா?

மாட்டேன். கானாவுக்கும் சிம்ஃபனிக்கும் ஒரே அளவுகோல் எங்கிட்ட இல்ல.

கேள்வி: நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடின ‘மஸ்த் மஸ்த்’ ஆல்பத்த எங்க தாத்தா கவ்வாலியே இல்லன்னு சொல்றாரு. (ஆம்பூர்)

தாத்தா சொல்றதுல நியாயம் இருக்கு. 1990ல மைக்கேல் ப்ரூக்குங்கற கிட்டார் கலைஞர் கூட சேந்து பண்ணது, கிட்டார், சிந்தசைசர்லாம் இருக்கும், மாஸிவ் அட்டாக்குங்கற இங்கிலாந்து குழு பண்ண ரீமிக்ஸ் வேற. கைதட்டும் கூட பாடறவங்களும் ஏத்தி ஏத்தி கொண்டு போற கவ்வாலி (சூஃபி பக்திப் பாட்டு) வேகம் அதுல இல்ல. ஆனா அந்தக் குரல முதல் தடவயா கவ்வாலி தெரியாத ஒருத்தர் கேக்கறதுக்கு அது நல்ல வாசல்னு நான் நம்பறேன். தாத்தாகிட்ட அவருக்கு புடிச்ச கவ்வாலிய போட சொல்லி பக்கத்துல உக்காந்து கேளுங்க.

கேள்வி: எங்க ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் பாரதம், பத்து ராத்திரி கூத்த போன்ல பதிஞ்சு வெச்சிருக்கேன். இதையெல்லாம் ஆல்பம்னு எழுதுவீங்களா? (ஆற்காடு பக்கம்)

எழுதுவேன், அனுப்புங்க. எல்பில ஒரு பக்கம் இருபது நிமிஷம் சொச்சம்தான், அந்த அளவுக்குள்ள யோசிச்சு பழகினவங்க நாம, விடிய விடிய நடக்கற அர்ச்சுனன் தபச எப்படி கேக்கறதுன்னு நமக்கே தெரியாம போச்சு, நம்ம வடாற்காட்டு மண்ணுல இருந்துக்கினே. அதுக்கும் வரிசை உண்டு, கதைய அறிவிச்சு சிரிக்க வெக்கற கட்டியங்காரன் வர்றது, வேஷம் திரைக்கு பின்னால பாடிக்கினே வர்றது, அப்புறம்தான் திரை விலகும். அத நாலு நிமிஷ துண்டா வெட்டி போட்டா என்ன மிஞ்சும்?

அடுத்த வருஷம் பதியும்போது போன ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துல வெக்காதீங்க, முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதற வாத்தியம்) சத்தம் கீச்சுனு ஏறி மத்தத அடிச்சிடும். ஆர்மோனியக்காரர் உக்காந்திருக்கற பென்ச்சு பக்கம் கொஞ்சம் தள்ளி, தரையில இல்லாம ஒரு ஸ்டூல் மேல, கீழ துணி மடிச்சு போட்டு வைங்க. தரையில வெச்சா, ஆட ஆரம்பிச்சதும் சலங்கையும் கால் அதிர்வும் சேந்து வரும். கூத்து வாத்தியார்கிட்ட முன்னாடியே பதியறேன்னு சொல்லி அனுமதி கேட்டுடுங்க, பாடறவங்க பேரு எல்லாத்தயும் எழுதி வாங்கிக்கோங்க.