குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் வட்டி வந்தது ஏன்?

கிரெடிட் கார்டின் முதல் பில்லுக்குக் குறைந்தபட்சத் தொகையைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிட்டேன், அப்புறம் ஏன் இரண்டாவது பில் வட்டியோடு அவ்வளவு பெரிதாக வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், புதிதாக கார்டு வாங்கும் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அந்தத் தொகை தாமதக் கட்டணத்திலிருந்து மட்டுமே உங்களைக் காப்பாற்றும். பில் 10,000, நீங்கள் கட்டியது 500 என்றால் மீதி 9,500 கடனாகவே நிற்கிறது. மாத வட்டி 3 சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வருடக் கணக்கில் அது 36 சதவீதம். இதைவிட வலிப்பது இன்னொன்று. முழுத்தொகையையும் கட்டுபவர்களுக்குத்தான் வட்டியில்லாத அவகாசம். பாக்கி வைத்தால் பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சலுகை போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் இரண்டாவது பில் அவ்வளவு பெரிதாக வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: பாக்கி தீரும்வரை கார்டைத் தொடாதீர்கள். கடைசித் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். வட்டி தினக்கணக்கில் ஏறுவதால், கையில் பணம் வந்த அன்றே கட்டினால் அந்த அளவுக்கு மிச்சம். தீர்ந்த பிறகும் அடுத்த பில்லில் சின்னதாக ஒரு வட்டி வரலாம், அது பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்டது. அதையும் கட்டிவிட்டு, முழுத்தொகையும் தானாகக் கழியும்படி வங்கிக் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.

ஆங், ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். அதற்குப் பொதுவாக அவகாசமே கிடையாது, தனிக் கட்டணம் வேறு.